விதானையாருக்கு ஒரு கதிரை

போன வாரம் செங்கலடிச் சந்தியில் டீசல் தீர்ந்து நின்றுபோன லேண்ட்மாஸ்டர், இந்த வாரம் கரடியனாற்றுப் பாதையில் படபடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. டீசல் எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்க வேண்டாம். அன்னப்பூரணியின் காதைப் பாருங்கள். தோடு இருந்த துளையில் ஈர்க்குத் துண்டு இருக்கிறது.

அவள் புருஷன் அழகரத்தினம் அதைப் பார்த்தார். காலையில் முகம் கழுவும்போதே பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, இன்றைக்கு மழை வரும்போல இருக்கிறது என்று வானத்தைப் பற்றிப் பேசினார். முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிற மனிதர். எதைப் பேசக்கூடாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எதைப் பேச வேண்டும் என்பதுதான் தெரியாது.

இந்த வண்டியை முதல்முறை பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முன்னால் இரண்டு சில்லு உழவு மெஷின். பின்னால் நெல் மூட்டை ஏற்றுகிற பெட்டி. பெட்டிக்கு மேலே நான்கு கம்பு நட்டு, தகரம் அடித்து, பக்கங்களுக்கு நீலப் படங்கு கட்டியிருக்கிறது. உள்ளே ஒரு பாய், இரண்டு பானை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு பிள்ளையார் படம், ஒரு மண்வெட்டி. வழியில் போகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். ஒருமுறை பார்த்தவர் மறக்க முடியாத வண்டி அது.

அதுதான் இப்போது விதானையார் அழகரத்தினத்தின் வீடு.

விதானையார் என்றால் சும்மா இல்லை. வவுணதீவுப் பக்கத்தில் ஆலடி வட்டையின் வயல்களுக்கெல்லாம் பல வருஷம் வட்டைவிதானையாக இருந்தவர். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, யாருடைய மாடு யாருடைய வரம்பில் ஏறியது, எல்லாவற்றுக்கும் அவர் சொல்வதே முடிவு. மகள் தனுஷாவுக்குக் கல்யாணம் பேசியபோது, எங்கள் பக்கத்து வழக்கப்படி வீட்டையும் வளவையும் அவள் பேருக்கே எழுதிக் கொடுத்தார். மட்டக்களப்பில் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் பெண் வீட்டுக்கு வருவான். பெற்றவர்கள் குசினிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டு, மெல்ல மெல்ல வேறொரு வீடு கட்டிக்கொள்வார்கள்.

கல்யாணச் சாமான் வாங்கப் புளியந்தீவுக்குப் போனபோது அன்னப்பூரணி ஆசைப்பட்டு ஒரு சிவப்பு சூட்கேஸைத் தூக்கிப் பார்த்தாள். "எங்கட புள்ள வீட்டை விட்டு எங்க போகப்போறாள்? அவளுக்கு இது என்னத்துக்கு?" என்று கடைக்காரருக்கும் கேட்கும்படி சிரித்தார் அழகரத்தினம். சிரித்துவிட்டு அதையும் வாங்கித்தான் கொடுத்தார். வீட்டுக்கு வந்த அன்றைக்கே அது அலுமாரிக்கு மேல் ஏறியது.

அடுத்த வீட்டைக் கட்ட நம்பியிருந்த வயலை இரண்டு மாரி வெள்ளம் அடுத்தடுத்துக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு வயலும் கைமாறிப்போனது. மருமகன் தனோஜனின் தாயாரும் தம்பியும் வந்து சேர்ந்தபிறகு குசினிப் பக்கத்திலும் இடமில்லாமல் போனது. யாரும் போங்கள் என்று சொல்லவில்லை. இருங்கள் என்றும் சொல்லவில்லை. கதிர்காமம் போய், வழியில் உள்ள கோயில் எல்லாம் கும்பிட்டு ஆறுதலாய் வருகிறோம் என்று மகளிடம் சொல்லித்தான் அந்தத் தகரத்தை அடித்தார் அழகரத்தினம். மகள் இன்னும் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

கதிர்காமம் இருக்கிற திசைப்பக்கம்கூட வண்டி திரும்பவில்லை. உன்னிச்சை, ஆயித்தியமலை, பாசிக்குடா என்று வேலை தேடித்தான் அலைகிறது.

வேலை தேடிப் போகிற இடமெல்லாம் இவர்களுக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்றுதான். கதிரை.

மெஷின் சத்தம் கேட்டு வயல்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார். "அட, விதானையார். வாங்க, வாங்க. அந்தக் கதிரையை எடுத்துப் போடுங்க." உட்கார்ந்தால் போயிற்று. பிளேன்ரீ வரும். குளத்தில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்பார்கள், வாய்க்கால் துப்புரவைப் பற்றிக் கேட்பார்கள், போன கூட்டத்தில் யார் என்ன பேசினார் என்று கேட்பார்கள். இவரும் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுவார். கடைசியில், "இந்தப் பக்கம் வந்தன், அப்பிடியே உங்களையும் பாத்திட்டுப் போவம் எண்டு" என்று எழுந்து வந்துவிடுவார். கூலி வேலை கேட்கப் போன வாய், கூலி என்ற சொல்லையே எடுக்காது. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் மட்டும் யாரும் கதிரை போடவில்லை. அங்கே வேலையும் போடவில்லை.

இன்று காலையும் அதே கூத்து. செங்கல் சுடுகிற ஒரு வாடிக்குப் போனார்கள். அங்கே அண்ணனும் தம்பியும் எல்லை வேலிக்காக அடிபட்டுக்கொண்டு நின்றார்கள். விதானையாரைக் கண்டதும் இரண்டு பேருமாகச் சேர்ந்து கதிரை எடுத்துவந்தார்கள். அவர் இரு பக்கமும் கேட்டு, வேலியை எங்கே போடுவது என்று தீர்த்துவைத்தார். இரண்டு பேருக்கும் பரம திருப்தி. போகும்போது ஒரு பெரிய பப்பாசிப் பழம் கொடுத்துவிட்டார்கள்.

பழத்தை மடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்குள் இருந்த அன்னப்பூரணி கேட்டாள்.

"கேட்டீங்களா?"

"எப்பிடிப் புள்ள கேக்கிற? ரெண்டு பேரும் கொலைவெறியில நிக்கிறானுகள். அதுக்குள்ள போய் எனக்கு ஒரு வேலை தா எண்டு கேக்கிறதா?"

"அவங்கட சண்டை தீந்திட்டு. நம்மட அடுப்பு?"

அழகரத்தினம் மெஷினை முடுக்கினார். அந்தச் சத்தத்துக்குள் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. லேண்ட்மாஸ்டரில் அவருக்குப் பிடித்த விஷயமே அதுதான்.

அன்னப்பூரணியின் சேலைத் தலைப்பில் ஒரு முடிச்சு இருந்தது. முடிச்சுக்குள் ஏறாவூர் றிஸானாவின் போன் நம்பர். றிஸானா கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் பெண்களைச் சேர்த்துவிடுகிறவள். கொழும்பில் படுக்கையில் கிடக்கிற ஒரு வயதான அம்மாவைப் பார்க்க ஆள் தேவை. தங்கி நின்று பார்க்க வேண்டும். பெண் மட்டும்தான், புருஷனுக்கு அங்கே இடமில்லை. பஸ் நாளைக் காலையில். ஓம் என்றோ இல்லை என்றோ இன்று பொழுதுபடுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

இது அழகரத்தினத்துக்குத் தெரியாது. அவருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. குளிசை போட்டோமா இல்லையா என்பதையே மனைவியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிற மனிதரை இந்தத் தகரப் பெட்டிக்குள் தனியாக விட்டுவிட்டுப் போக அன்னப்பூரணிக்கு மனம் வரவில்லை. போகாமல் இருக்க ஒரு வழிதான் பாக்கி. இன்றைக்கு இவர் ஒரு வேலை கேட்டு வாங்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. தனுஷா. அன்னப்பூரணி படங்கைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"அம்மா, எங்க நிக்கிறீங்க?"

"பொத்துவில் தாண்டிட்டம் மகள். நல்ல சுகமான பயணம்."

"எப்ப வாறீங்க?"

"சாமியைக் கும்பிட்டிட்டு வருவம் தானே."

"எப்ப எண்டு சொல்லுங்கம்மா."

"என்ன மகள், ஏதும் சுகமில்லையா?"

அந்தப் பக்கம் சம்பந்திக்காரி யாரையோ அதட்டுகிற சத்தம் கேட்டது. "இல்ல. சும்மாதான் கேட்டன்," என்றாள் தனுஷா.

இன்னும் இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். பொய் சொல்லிக்கொண்டிருக்கிறவருக்குப் போனை வைப்பதில்தான் அவசரம். அன்னப்பூரணியும் அவசரமாக வைத்துவிட்டாள்.

வண்டி நின்ற இடத்திலேயே புருஷனிடம் விஷயத்தை எடுத்தாள்.

"மஜீட் காக்காட வாடியில காவலுக்கு ஆள் தேடுறாங்களாம். சந்தியில பாண் எடுக்கக்குள்ள கேள்விப்பட்டன். புருஷன் பெண்சாதியா இரிக்கிறதுக்கும் இடமிரிக்காம்."

"மஜீட்டா? அவர் எனக்குப் பழக்கமான மனிசன் புள்ள."

"அதான் சொல்றன். ஒண்டே ஒண்டு கேக்கிறன். கதிரை தருவாங்க. இருக்காதீங்க. நிண்டே கேளுங்க."

"வந்த மனிசனை இருக்கச் சொன்னா இருக்காம நிக்கிறதா? அது மரியாதையில்ல."

"மரியாதையை நான் மறுகா வாங்கித் தாறன். இண்டைக்கு நிண்டு கேளுங்க."

அவர் தலையாட்டினார். அன்னப்பூரணி அந்தத் தலையாட்டலை நம்பினாள். நம்பாமல் வேறு என்ன செய்வது?

மஜீட் ஏறாவூர்க்காரர். விதைப்புக் காலம் வந்தால் மனைவி உம்மு குல்தூமோடு கரடியனாற்று வயல் வாடிக்கு வந்து தங்கிவிடுவார். வாடி என்றாலும் குடிசை இல்லை, கல்வீடுதான். கொஞ்சம் தள்ளி, வயலைப் பார்த்தபடி, காவல்காரருக்கு என்று ஓலை வேய்ந்த சின்ன வாடி ஒன்று இருந்தது. அப்பால் உழுது போட்ட வயல், அதற்கும் அப்பால் யானைக்கான மின்வேலி.

மெஷின் நின்றதும் மஜீட் நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தார்.

"விதானையார், வாங்க. எவ்வளவு காலம்." உள்ளே திரும்பி ஒரு பிளாஸ்டிக் கதிரையை அவரே இழுத்துவந்து, தோளில் கிடந்த துவாயால் துடைத்துப் போட்டார். "இருங்க."

"இல்ல காக்கா. நான் நிக்கிறன்."

அன்னப்பூரணி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"நீங்க நிண்டா நானும் நிக்கணும் விதானையார். எனக்கு முழங்கால் ஏலா."

இதற்கு என்ன செய்ய முடியும்? அழகரத்தினம் திரும்பி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

உம்மு குல்தூம் அன்னப்பூரணியின் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப்போனாள். தேத்தண்ணிக்கு அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"தங்கச்சி, ஒண்டு சொல்றன், கோவிக்காதீங்க. எங்கட ஆளுக்கு எல்லாம் தெரியும்."

"என்ன ராத்தா தெரியும்?"

"போன கிழமை செங்கலடியில நீங்க றோட்டோரத்தில சோறாக்கினதைக் கண்டவர். காரை நிப்பாட்டல்ல. நிப்பாட்டினா விதானையார்ட முகம் என்னமா ஆகும் எண்டு பேசாம வந்திட்டார். வந்து அண்டைக்குச் சோறும் தின்னல்ல."

அன்னப்பூரணிக்குக் காது சுட்டது. ஊருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு படங்கை இறுக்கிக் கட்டியதெல்லாம் வீண் வேலை.

உம்மு குல்தூம் ஜன்னலைத் திறந்து அந்தச் சின்ன வாடியைக் காட்டினாள். "அதை நான்தான் கூட்டி மெழுகினன். பாய் புதுசு. பின்னுக்குக் குளிக்கிறதுக்கு மறைப்பும் கட்டியிரிக்கு. உங்க ரெண்டு பேருக்கும்தான். வேற ரெண்டு பேர் வந்து கேட்டும் இவர் குடுக்கல்ல."

"பிறகு ஏன் ராத்தா எங்களுக்கு ஒரு சொல் சொல்லல்ல?"

"விதானையாரைப் பாத்து எனக்குக் காவல் காக்க வா எண்டு என்ட வாயால எப்பிடிச் சொல்ற எண்டு கேக்கார். எங்கட வாப்பாட காலத்தில இருந்து தண்ணி திறந்து விட்ட மனிசன் எண்டு சொல்றார். அதால, நல்ல ஆள் ஒண்டு சொல்லுங்க எண்டுதான் கேப்பாராம். விதானையார் நானே வாறன் எண்டு சொல்லிட்டார் எண்டா ரெண்டு பேருக்கும் நல்லம்."

அன்னப்பூரணிக்கு அழுகை வந்தது. வெட்கமும் வந்தது. அதற்கெல்லாம் மேலாகச் சந்தோஷம் வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு கூரை கண்ணுக்கு முன்னால் நின்றது. அடுப்பை எந்த மூலையில் வைப்பது, பிள்ளையார் படத்தை எங்கே மாட்டுவது என்றுகூட மனம் ஓடிவிட்டது. முந்தானை முடிச்சு அவளுக்கு மறந்தே போனது. இரண்டு பெண்களும் தட்டிக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

வெளியே குளத்துக் கதை முடிந்திருந்தது. மஜீட் தொண்டையைச் செருமினார்.

"விதானையார், எனக்கு ஒரு உதவி வேணும். காவலுக்கு ஆள் தேடுறன். நம்பிக்கையான ஆளா இரிக்கணும். யானையும் தெரியணும், தண்ணியும் தெரியணும். பொடியனுகள் வேணாம், கொஞ்சம் வயசு போன ஆள்தான் நிதானமா இரிப்பார். பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு வந்து இரிக்கலாம். அப்பிடி ஒரு ஆள் உங்களுக்குத் தெரியுமா?"

அளவெடுத்துத் தைத்த சட்டையைக் கையில் கொடுப்பது போலத்தான் கொடுத்தார் மனிதர். போட்டுக்கொள்வதுதான் பாக்கி.

அழகரத்தினம் வயலைப் பார்த்தார். சின்ன வாடியைப் பார்த்தார். தோளில் கிடந்த சால்வையைச் சரிசெய்துகொண்டார். இதோ சொல்லப்போகிறார் என்று அன்னப்பூரணியின் கை தட்டியை இறுகப் பிடித்தது.

"இரிக்கான் காக்கா. ஒரு ஆள் இரிக்கான்," என்றார் அழகரத்தினம். "எங்கட ஆலடி வட்டையில நிதுர்ஷன் எண்டு. போன மாரியில அவன்ட வயலும் போயிட்டு. பெண்சாதி பிள்ளைத்தாச்சி. நல்ல பொடியன்."

மஜீட் கொஞ்சம் திகைத்துப்போனார். விடாமல் மறுபடியும் முயன்றார்.

"பொடியன் எண்டா எனக்குச் சரிவராது விதானையார். கொஞ்சம் வயசான, பொறுப்பான ஆள்..."

"வயசானவனுக்கு ராவு முழுக்க முழிச்சிருக்க ஏலா காக்கா. அவனையே எடுங்க. அவனுக்கு நான் பொறுப்பு."

'நான் பொறுப்பு.' ஆலடி வட்டையில் எத்தனையோ வழக்கைத் தீர்த்த சொல் அது. அந்தச் சொல் வந்துவிட்டால் அதற்குமேல் யாரும் பேசமாட்டார்கள். மஜீட்டும் பேசவில்லை. தட்டிப் பக்கம் மட்டும் ஒருமுறை பரிதாபமாகப் பார்த்தார்.

"போங்க தங்கச்சி. போய்ச் சொல்லுங்க," என்று உம்மு குல்தூம் அன்னப்பூரணியின் முதுகில் மெல்லத் தள்ளினாள்.

அன்னப்பூரணி வெளியே வந்தாள். ஒரு சொல் போதும். இவர் சும்மா சொல்றார் காக்கா, நாங்கதான் வாறம். அவ்வளவுதான். சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அப்போது அவரது முகத்தைப் பார்த்தாள். கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எத்தனையோ மாதமாகக் குனிந்தே இருந்த கழுத்து நேராக இருந்தது. ஒரு பெரிய மனிதர் தன்னிடம் ஆள் கேட்டார், தான் ஆள் சொன்னோம் என்ற நிறைவு அந்த முகத்தில் இருந்தது. இந்த நேரத்தில் அவள் வாயைத் திறந்தால் அந்த முகம் எல்லாருக்கும் முன்னால் உடைந்துபோகும். அதற்குப் பிறகு அந்தச் சின்ன வாடியில் அவளோடு யார் இருப்பது? அவளுக்கு இந்த மனிதர் மீது அன்பு இருந்தது. அந்த அன்பைத் தூக்கி எறிய முடிந்திருந்தால் அன்றைக்கு அவளுக்கு ஒரு கூரை கிடைத்திருக்கும்.

"நேரமாகுது. போவம்," என்றாள்.

மஜீட் அங்கேயே போன் எடுத்தார். விதானையார் பொறுப்பு என்று சொன்னபிறகு அவருக்கும் வேறு வழியில்லை. அழகரத்தினமே நிதுர்ஷனிடம் பேசினார். "நான்தான் பேசிறன். கரடியனாத்தில மஜீட் காக்காட வாடியில இரிந்து. நாளைக்கே பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு வந்து சேரு." அந்தப் பக்கம் பொடியனின் குரல் தழுதழுத்தது அன்னப்பூரணிக்கும் கேட்டது.

உம்மு குல்தூம் ஒரு சோற்றுப் பார்சலைக் கொண்டுவந்து பப்பாசிப் பழத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வருகிற வழியில் அன்னப்பூரணி சண்டை பிடிக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மெஷின் சத்தத்தில் புருஷனுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் நம்பரை அடித்தாள்.

"றிஸானா, நான் வாறன்."

"அண்ணன் ஓம் எண்டு சொல்லிட்டாரா அக்கா?"

"அவருக்கு நான் சொல்றன். காலமைக்கு வந்து நிப்பன்."

ஏறாவூருக்குப் பின்னால், வாவிக்கரையில், ஒரு மருத மரத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. வாவிக்கு அந்தக் கரையில் மழை கறுத்துக் கட்டியிருந்தது. இன்னும் சில நாளில் மாரி பிடித்தால், சேற்றுப் பாதையில் இந்த மெஷின் பெட்டியை இழுக்காது. அழகரத்தினம் படங்கின் கயிறுகளை இழுத்துக் கட்டினார். அன்னப்பூரணி பார்சலை விரித்து, அவருடைய பங்கைக் கோப்பையில் போட்டுக் கொடுத்தாள்.

"நாளைக்கு நான் கொழும்புக்குப் போறன்," என்றாள்.

அவர் கையில் சோறு அப்படியே நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். றிஸானாவைச் சொன்னாள், படுக்கையில் கிடக்கும் அம்மாவைச் சொன்னாள். மஜீட்டின் மனைவி குசினியில் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் இவர் தாங்கமாட்டார் என்று நினைத்தாள்.

"குளிசையை மறக்காதீங்க. காலமை ஒண்டு, ராவைக்கு ஒண்டு. சாப்பிட முன்னம் போடணும்," என்றாள்.

அழகரத்தினம் கோப்பையைக் கீழே வைத்தார். வாவியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மஜீட் என்னைத்தான் கேட்டவர். எனக்கு விளங்கினது பூரணம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வயசு போன ஆள், தண்ணி தெரிஞ்ச ஆள், பெண்சாதியோட எண்டெல்லாம் சொன்னா எனக்கு விளங்காதா? சின்ன வாடி கூட்டிக் கிடந்ததையும் கண்டனான்."

"விளங்கியுமா அவன்ட பேரைச் சொன்னீங்க?"

"என்னைக் கதிரையில இருத்திப்போட்டுக் கேட்டிட்டார்," என்றார் அழகரத்தினம். "நிண்டிருந்தா சொல்லியிருப்பன்."

அன்னப்பூரணிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபத்தில் நாலு வார்த்தை பேசி, அழுது, ஆறியிருப்பாள். இது ஆறுகிற விஷயமாக அவளுக்குத் தெரியவில்லை. பப்பாசிப் பழத்தை எடுத்து வெட்டத் தொடங்கினாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

அழகரத்தினம் அவள் பக்கம் திரும்பினார்.

"நீ போகவேணாம். வீட்ட போவம்."

"எந்த வீட்ட?"

"தனுஷாட்டத்தான். கதிர்காமம் போகல்ல எண்டு உண்மையைச் சொல்லுவம். குசினி மூலையில படுத்தாலும் ரெண்டு பேரும் ஒண்டா இரிப்பம். நான் கேக்கிறன் பூரணம். நானே கேக்கிறன்."

முப்பது வருஷத்தில் அழகரத்தினம் யாரிடமும் எதையும் கேட்டதை அன்னப்பூரணி கண்டதில்லை. அவளுக்கு நம்பிக்கை வந்ததா என்றால், சொல்லத் தெரியவில்லை. இவர் கேட்டுவிட்டால் எதையும் சகித்துக்கொள்ளலாம் என்று மட்டும் தோன்றியது. கொழும்பு பஸ் அவள் இல்லாமல் போகட்டும். சம்பந்திக்காரி முகம் கொடுக்காவிட்டால் போகிறாள். மகள் மகள்தானே, வீடு அவளுடையதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

போன் அடித்தது. தனுஷா.

அன்னப்பூரணி போனை அவரிடமே நீட்டினாள். வாங்கும்போது அவர் உட்கார்ந்திருந்த கல்லில் இருந்து எழுந்தார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு நேராக நின்றார். நின்று கேட்கத்தான் எழுந்தார் என்று அவளுக்குப் புரிந்தது.

"மகள்."

"அப்பா."

"மகள், நாங்க கதிர்காமம் போகல்ல. நானும் அம்மாவும்... நாங்க வீட்ட வந்து இரிக்கட்டா மகள்?"

சொல்லிவிட்டார். கடைசியில் சொல்லியேவிட்டார்.

அந்தப் பக்கம் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு தனுஷா பேசினாள். போன் சத்தமாக இருந்ததால் அன்னப்பூரணிக்கும் தெளிவாகக் கேட்டது.

"போகல்ல எண்டு தெரியும் அப்பா. நிதுர்ஷன் அண்ணன் கோல் எடுத்தவர். விதானையார் எனக்குக் கரடியனாத்தில வேலை எடுத்துத் தந்திரிக்கார் எண்டு அழுதார். நான் வழியெல்லாம் உங்கட தகர வண்டியைக் கேட்டுக் கேட்டு வந்தன். அப்பா, திரும்பிப் பாருங்க."

அன்னப்பூரணிதான் முதலில் திரும்பினாள்.

றோட்டோரத்தில் ஒரு ஸ்கூட்டி நின்றது. தனுஷா இறங்காமல், போனைக் காதில் பிடித்தபடியே அதில் இருந்தாள். தனோஜன் வரவில்லை. பின்சீட்டில் யாரும் இல்லை. முன்னால், கால் வைக்கிற இடத்தில், அவளுடைய முழங்கால்களுக்கு நடுவே அந்தச் சிவப்பு சூட்கேஸ் நின்றது. அலுமாரிக்கு மேலே கிடந்தபோது படிந்த தூசியைக்கூட யாரும் துடைத்திருக்கவில்லை.